நாலு மணிக்குப் படிக்கும் பூனைகள்

பெர்க்ஸ்வெய்னைப் புதைத்த பதினாறாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, அவன் வளர்த்த மஞ்சள் பூனை பிராண்டுர் அடுப்புப் பக்கத்தில் சுருண்டு படுத்து, உடம்பு சூடேறியதும், அவனுடைய குரலில் புத்தகம் படிக்க ஆரம்பித்தது. வாய் அசையவில்லை. சொகுசாகப் படுத்திருக்கும்போது பூனைகளின் தொண்டைக்குள் குறுகுறுவென்று ஒரு சத்தம் ஓடுமே, அதுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வார்த்தைகளாக வந்தது. அவன் மனைவி சால்வோர் அப்போது ஒரு கம்பளிக் காலுறையின் குதிகாலைப் பின்னிக்கொண்டிருந்தாள். குதிகாலில் கண்ணிகளின் எண்ணிக்கை தப்பினால் முழுக்கப் பிரிக்க வேண்டும் என்பதால் அந்த வரிசை முடிகிறவரை நிமிரவில்லை. முடித்துவிட்டுப் பூனையைப் பார்த்து, "பதினாறு நாளாச்சு. இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டாள். பிறகு அடுத்த வரிசைக்குப் போனாள்.

கால்ட்விக் என்ற எங்கள் கடலோர ஊரில் நாங்கள் பத்தொன்பது வீடு. செப்டம்பரில் ஆடுகள் மலையிலிருந்து இறங்கி, காது அடையாளம் பார்த்துப் பிரித்து, இறைச்சி உப்பில் ஏறியதும் எல்லா வீட்டிலும் கம்பளி வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு குளிர்காலம் வரை வேலை ஒன்றுதான். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் பின்னுவார்கள். படிக்கிறவருக்குக் கம்பளி வேலை கிடையாது, பின்னுகிறவருக்குப் புத்தகம் கிடையாது. தபால்காரனான பெர்க்ஸ்வெய்னின் வீட்டில் கண் அவனுடையது, கை அவளுடையது என்று கல்யாணமான வாரமே பிரித்துக்கொண்டார்கள். நாற்பத்தெட்டு வருஷமாக சால்வோர் ஒரு புத்தகத்தையும் தன் கையால் திறந்ததில்லை. ஆனாலும் அலமாரியில் இருந்த அத்தனை கதையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வியாழக்கிழமைகளில் பெண்கள் சேர்ந்து பின்னும்போது எந்தக் கதை எப்படி முடிகிறது என்று அடித்துச் சொல்வாள். மற்றவர்கள் அப்போது தங்கள் ஊசியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பூனை படிக்கிற சேதி பால் லாரியோடு ஊர் சுற்றியது. முதலில் வந்தவள் பக்கத்துப் பண்ணை ரோத்னி. அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "உயிரோட இருந்தப்ப மூக்கால படிப்பான். பூனை எவ்வளவோ தேவலை" என்று தீர்ப்புச் சொன்னாள். பாதிரியார் வந்தார், மூன்று கோப்பை காபி குடித்தார், வேதத்தில் பூனைகளைப் பற்றி எதிராக ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இன்னும் இரண்டு பூனைகள் இருந்தன. மோலி என்ற வெள்ளைக் குட்டி எந்தக் கதையிலும் இரண்டாம் பக்கத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. அதனால் அதனிடம் ஆரம்பங்கள் மட்டுமே இருந்தன. பெயர் வைக்காமலே வளர்ந்துவிட்ட சாம்பல் பூனை, பெர்க்ஸ்வெய்ன் செய்தித்தாள் பிரிக்கும் நேரம் பார்த்து மடியில் ஏறும். அது பழைய வானிலை அறிக்கைகளைச் சொன்னது. ஏழு வருஷத்துக்கு முந்தைய காற்று என்று தெரிந்தும் எங்களில் சிலர் அதைக் கேட்டு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போனோம்.

இப்படி மூன்று இலையுதிர் காலம் போயிற்று. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொருகுகிறது. மலைச்சரிவு சிவந்து பழுத்துக் கிடக்கும். ஜன்னலுக்கு வெளியே ஊரின் ஒரே மரத்தில் சிவப்புக் காய்களைப் பறவைகள் சண்டை போட்டுத் தின்னும். உள்ளே ஈரக் கம்பளி வாசம், அடுப்பில் ருபார்ப் ஜாம், ஊசிகளின் டிக் டிக். நாலு மணி வெளிச்சம் தேன் நிறத்தில் தரையில் விழுந்து, மெல்ல நகர்ந்து, பூனை மேல் ஏறி, சுவரில் கரையும். பூனை படித்துக்கொண்டே இருக்கும். நடுவில் பக்கம் திருப்பும் சத்தம்கூட வரும். நாங்கள் பாதி தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்போம். கை மட்டும் தூங்காமல் பின்னிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது இலையுதிர் காலத்தில், அக்டோபர் பத்தாம் தேதி வாக்கில், பிராண்டுர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டது. பெர்க்ஸ்வெய்ன் நாற்காலியிலேயே உயிர் விட்டபோது விரல் வைத்திருந்த இடம் அது, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஆல்டிஸ் என்ற மலைப் பண்ணைப் பெண்ணின் கதை. ஆல்டிஸ் குதிரையில் ஏறி ஆற்றைக் கடக்கப் புறப்படுகிறாள், அவ்வளவுதான். மறுநாளும் பூனை அதே இடம்வரை வந்து நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. சால்வோருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆல்டிஸ் அக்கரை சேர்ந்தாளா இல்லையா என்று தெரிய வேண்டும். அதைவிட, அந்தக் குரல் இனி வளராது, இங்கேயே நின்றுவிடும் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. மிச்சத்தை யாராவது பூனைகள் முன்னால் படித்தால் அவை கேட்டுப் பழகி அவன் குரலில் திருப்பிச் சொல்லும் என்று நினைத்தாள். ஊரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

அந்த வாரம் கால்ட்விக்கில் யாராலுமே படிக்க முடியவில்லை. ரோத்னியின் கண்ணாடியை ஆடு மிதித்துவிட்டது. பாதிரியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்துகொண்டது. பள்ளிக்கூட வாத்தியாரோ தனக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது என்றார். அவர் வீட்டில் நாலு பூனை. கடைசியில் சால்வோர் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தைத் தானே எடுத்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆறு இல்லை, குதிரை இல்லை, ஆல்டிஸும் இல்லை. ஆல்டிஸின் அம்மா ஒரு கல்லறை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சால்வோர் பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். தொண்ணூறாம் பக்கத்தில், ஐந்து வரியில், ஆல்டிஸ் நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். நூற்று இருபது பக்கத்துக்கு மேல் பெர்க்ஸ்வெய்ன் செத்தவளைப் பிழைக்க வைத்து, ஆடு மேய்க்க விட்டு, சந்தைக்கு அனுப்பி, ஒரு காதலனைக்கூடப் பார்த்துக் கொடுத்திருந்தான். சால்வோர் அலமாரியில் இருந்த மற்ற புத்தகங்களை இறக்கினாள். எதைத் திறந்தாலும் யாராவது செத்தார்கள். எத்தனையோ வருஷமாக அவள் காதால் கேட்ட கதைகளில் ஒருவர்கூடச் செத்ததில்லை. ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நேராக ரோத்னி வீட்டுக்குப் போனாள். ரோத்னி உடைந்துபோன கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாடி இது?"

"எல்லாருக்கும் தெரியும், சால்வோர்."

"இத்தனை வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை என்னை உளற விட்டு வேடிக்கை பார்த்தீங்களா?"

"வேடிக்கையா? பிரிண்டாகி வந்த புஸ்தகத்துல செத்தவங்க எல்லாம் உன் வீட்ல உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தாங்க. அதைக் கெடுக்க நாங்க யாருடி? எனக்கே உன் முடிவுங்கதான் பிடிக்கும்." ரோத்னி கண்ணாடியைக் கழற்றினாள். "அவன் ஏன் அப்படிப் படிச்சான்னு உனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே."

சால்வோருக்குத் தெரியும். அவர்களுக்கு ஈஸ்லேவுர் என்று ஒரு மகன் இருந்தான். பத்தொன்பது வயது நிறைந்த அன்றே, ஓர் அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, அவன் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இறந்தவருக்காக ஊரைக் கூட்டி வைக்கும் சாவுக் காபியை சால்வோர் வைக்க விடவில்லை. தேவாலயச் சுவரில் கடலில் போனவர்களின் பலகையில் பெயர் எழுத விடவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் பெர்க்ஸ்வெய்ன் படித்த கதையில் ஒருவன் மூழ்கினான். அவள் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து போய் ஆட்டுக் கொட்டகையில் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் சாகவில்லை, மகன் பெயரையும் யாரும் சொல்லவில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு ஸ்வெட்டர் பின்னிப் பெட்டியில் வைத்தாள். வயது ஏற ஏற ஆண்பிள்ளைக்கு உடம்பு பெருக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் மார்பில் இரண்டு கண்ணி கூட்டினாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பெட்டியில் இப்போது இருபத்தெட்டு ஸ்வெட்டர்கள் இருந்தன, இருபத்தொன்பதாவது ஊசியில் இருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு அவள் மூன்று பூனைகளையும் மடியில் ஏற்றிக்கொண்டு தொண்ணூறாம் பக்கத்தைத் திறந்தாள். இதை ரோத்னி எங்களுக்குச் சொன்னாள். அவள் ஜன்னலுக்கு வெளியே சும்மாதான் நின்றிருந்தாளாம். படித்துப் பழகாத குரல் என்பதால் சால்வோர் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி படித்தாள். ஐந்து வரியையும் அச்சில் இருந்தபடியே படித்தாள். ஆல்டிஸ் செத்தாள். சால்வோர் புத்தகத்தை மூடினாள். பிறகு யாரிடம் என்றில்லாமல், "ஈஸ்லேவுர் கடல்ல போயிட்டான்" என்றாள். அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் கேட்டு இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

பிறகு பிராண்டுர் பேசியது. இந்தத் தடவை படிக்கிற தொனி இல்லை. வைக்கோல் போரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுகிறவனின் அடங்கிய குரல்.

"டேய் ஈஸ்லேவுர், இன்னையோட உனக்கு முப்பத்தாறு. உங்கம்மா இந்த வருஷமும் மார்ல ரெண்டு கண்ணி கூட்டிட்டா. நல்லா சதை போட்டிருக்கே போல. நீ செத்துட்டேடா கண்ணு. அவகிட்ட அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. பூனைகிட்டதான் சொல்றேன்."

பூனை மூச்சு வாங்கியது. "டேய் ஈஸ்லேவுர், இன்னையோட உனக்கு முப்பத்தேழு" என்று மறுபடி ஆரம்பித்தது. அந்தப் பூனை வாழ்ந்த ஒவ்வொரு அக்டோபரிலும் பெர்க்ஸ்வெய்ன் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போயிருக்கிறான். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. எல்லா வருஷமும் இரண்டு கண்ணி. நாற்பத்தைந்தில் நின்றது.

சால்வோர் பூனையின் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். வெளியே ரோத்னியும் அழுதாள், சும்மா நின்றிருந்தவள் என்பதை மறந்து சத்தமாகவே அழுதாள். "பாவி மனுஷா," என்றாள் சால்வோர். "நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். ஒரே வீட்ல இருந்துகிட்டு தனித்தனியா அழுதிருக்கோமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கொட்டகைக்கு வந்திருக்க மாட்டேனா?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து, "உள்ள வாடி, குளிர்ல நின்னு சாகாதே. சனிக்கிழமைக்கு எத்தனை முட்டை வேணும்னு கணக்குப் போடணும்" என்றாள்.

குளிர்காலம் பிறக்கிற சனிக்கிழமை ஈஸ்லேவுருக்குச் சாவுக் காபி நடந்தது. பத்தொன்பது வீடும் வந்தது. மெல்லிய பான்கேக் மலையாகக் குவிந்தது, பாதிரியாருக்குத் தொண்டை சரியாகிவிட்டது, அவனோடு படித்தவர்கள் வழுக்கைத் தலையோடு வந்து அவன் செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் மூட்டிவிட்ட சண்டை ஒன்றுக்கு இருபத்தொன்பது வருஷம் கழித்து இரண்டு பேர் கை குலுக்கிக்கொண்டார்கள். பலகையில் பெயர் ஏறியது. ஸ்வெட்டர்களை ஆளுக்குத் தக்கபடி சால்வோரே எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கிடைத்தது நாற்பத்திரண்டு வயதுக்காரனுடையது, கொஞ்சம் இறுக்கம்.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பிராண்டுர் அலமாரியின் முதல் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்கியது. இந்த முறை எல்லாம் அச்சில் உள்ளபடி. கேட்காததை அது எப்படிச் சொல்கிறது என்று வாத்தியார் சந்தேகம் கிளப்பினார். பெர்க்ஸ்வெய்ன் தினமும் காலையில் அன்றைய பக்கங்களை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்து, எங்கே மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொள்வானாம். அப்போது மடியில் பூனைதானே இருந்தது என்றாள் சால்வோர். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் சாவுக்குப் பஞ்சமில்லை. கிழவர்கள், மணப்பெண்கள், கொள்ளைக்காரர்கள், ஒரு பிஷப், நிறைய மாலுமிகள் என்று எண்பத்து நாலு பேர் இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நாங்கள் ஊசியைக் கீழே வைத்து, ஒரு வாய் காபி குடித்து, அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் பிறகுதான் அடுத்த வரிசையைத் தொடங்கினோம். அதனால் அந்த வருஷம் கால்ட்விக்கில் பாதிப் பேருக்குப் புதுக் காலுறை கிடைக்கவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.