யாரும் கேட்காத கசெட்

குவைத்திலிருந்து பார்சல் வந்தால் போதும், சாய்ந்தமருதில் அந்தத் தெருவே சாமான் பார்க்க வந்துவிடும். அன்றும் ஸைனுலாப்தீன் வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. அவன் மனைவி சுலைஹா அங்கே வீட்டு வேலைக்குப் போய் நாலு வருசம். மகள் றிஸ்வியாவுக்கு அவள் முதலில் அனுப்பியது, ஒரே படம் அசையும் உள்ளங்கையளவு வீடியோ கேம். பிறகு வந்தது, விழும் கட்டைகளை அடுக்கும் கேம். இந்த முறை, உள்ளே செருகும் வில்லையை மாற்றினால் வேறு விளையாட்டு வருகிற பெரிய கேம்.

சாமான் முன்னேற முன்னேற அதன் பசியும் ஏறியது. முதலாவதற்குப் பொட்டளவு பற்றரி போதும். புதியது நாலு கேட்டது. நாட்டில் சண்டைக் காலம், கடைகளில் பற்றரி குதிரைக்கொம்பு.

பார்சலில் சுலைஹா பேசிப் பதிந்த கசெட்டும் இருந்தது. அதைக் கேட்க வீட்டில் ஒரு வாக்மன்தான். மகளின் அழுகை பொறுக்காமல் ஸைனுலாப்தீன் கட்டை அடுக்கும் கேமின் ரெண்டு பற்றரிகளோடு வாக்மனின் ரெண்டையும் கழற்றிப் புதியதில் போட்டான்.

“உம்மாட கசெட், வாப்பா?”

“அது எங்க ஓடப்போகுது? ஆறுதலாக் கேப்பம்.”

பக்கத்து வீட்டு அபூசாலியிடம் கரண்டில் ஓடும் கசெட் றேடியோ இருந்தது. ஆனால் பெண்சாதியின் குரலை ஊரார் காதில் போட இவனுக்கு வெட்கம். அவள் உழைத்த சாமானை ஊருக்குக் காட்டும்போது மட்டும் அந்த வெட்கம் வரவில்லை. கசெட் அலுமாரிக்குள் போனது.

பெருநாள் கழிந்து, சுலைஹாவோடு வேலை செய்த ஹபீபா ஊர் வந்தாள்.

“என்ன மனிசன் நீங்க? வரட்டா எண்டு கேட்டு அவ கசெட் அனுப்பினா. ஒரு மறுமொழி இல்ல. நான் வேணாமாக்கும், சாமான்தான் வேணுமாக்கும் எண்டு அழுதழுது, இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஒப்பம் வெச்சிட்டா.”

ஸைனுலாப்தீன் கசெட்டை எடுத்துக்கொண்டு அபூசாலி வீட்டுக்கு ஓடினான். றிஸ்வியாவும் பின்னால் ஓடினாள். சத்தம் கேட்டு அயலவர்களும் கூடிவிட்டார்கள்.

“எனக்கு இஞ்ச ஏலாமப் போச்சு,” என்றது சுலைஹாவின் குரல். “மகள்ற முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது. பெருநாளோட ஒப்பந்தம் முடியுது. வா எண்டு ஒரு வார்த்தை எழுதுங்க, வந்திருவன்.”

றிஸ்வியா தகப்பன் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தாள். “இப்ப எழுதினா வருவாவா, வாப்பா?”

அவன் கூடி நின்றவர்களைப் பார்த்தான்.

“சாமான் பாக்க எல்லாரும் வாறீங்க. அத அனுப்புறவள் அங்க என்ன பாடுபடுறாள் எண்டு முதல்ல கேளுங்க. நான் கேக்கல்ல. இப்ப என்ட புள்ளைக்கு கேம் இருக்கு, உம்மா இல்ல.”