ஒரு கையெழுத்துதாண்டி

கேப் டவுன் நில அலுவலகத்தில் என் மனுவைப் பார்த்த ஜெரால்டின் என்ற பெண், கோப்பைப் புரட்டிவிட்டுத் தயங்கினாள்.

"ஆன்ட்டி, இந்த மனையை ஏற்கெனவே ஒருத்தங்க கேட்டிருக்காங்க. வீட்டைக் கட்டின அரெண்ட்ஸ சாருக்கு அவங்க ஒரே பிள்ளையாம்."

"ஒரே பிள்ளையா? அப்போ நான் யாராம்?"

மலையடிவாரத்தில் அப்பா கட்டிய வீடு அது. வெள்ளையருக்கான பகுதி என்று அறிவித்து எங்களை மணல்காட்டுக்குத் துரத்தி, வீட்டை இடித்துத் தள்ளினார்கள். வெள்ளையர் ஆட்சி போய் ஆட்சி மாறியதும் பறித்ததைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அந்த மண்ணில் ஒரு கூரை போட்டுக்கொண்டு கண்ணை மூட வேண்டும், எனக்கு வேறு ஆசையே இல்லை.

ஜெரால்டின் ஒரு பழைய தாளை நீட்டினாள். "இது உங்க கையெழுத்தா?"

என்னுடையதுதான். 1961ஆம் வருடத்து சத்தியப் பத்திரம்.

அக்கா ஸிபில், அப்பா அம்மாவைப் போல வெளுப்பு. நான் எந்தப் பாட்டியைக் கொண்டேனோ, கறுப்பு. அவள் ஒரு வெள்ளைக்காரனைக் காதலித்தாள். எங்கள் குடும்பம் கலப்பினம் என்று பதிவானது; அவனைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் அரசாங்கம் அவளையும் வெள்ளையர் என்று பதிய வேண்டும். இப்படி ஒரு தங்கை இருந்தால் பதிவார்களா? அதனால் நான் வேலைக்காரியின் மகள், இரக்கப்பட்டு வளர்த்தார்கள் என்று எழுதினார்கள். அப்பாவும் கையெழுத்துப் போட்டார். நான் மறுத்தேன். அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு கையெழுத்துதாண்டி மேவிஸ். அதுல ரத்தம் இல்லேன்னு ஆயிடுமா?"

போட்டேன். அதன்பின் தெருவில் அவள் எதிரே வந்தால் நான்தான் மறுபக்கம் போவேன். இப்படி வெள்ளையர் பக்கம் கடந்துபோனவர்களின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அப்பாவின் அடக்கத்துக்குக்கூட அவள் வரவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

"அவங்களும் இன்னிக்கு வந்திருக்காங்க" என்ற ஜெரால்டின் பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "மேடம், இவங்களைத் தெரியுமா?"

பெஞ்சிலிருந்து ஸிபில் எழுந்து வந்தாள். அப்பாவின் அதே மூக்கு.

"தெரியும். எங்க வீட்டு வேலைக்காரியோட பொண்ணு. அவங்களே சத்தியம் பண்ணியிருக்காங்களே."

அடிப்பாவி! யாருக்காகப் போட்ட கையெழுத்து அது?

ஸிபில் கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். நடைபாதை முழுக்க ஆட்கள். முப்பத்தேழு வருடப் பழக்கத்தில் என் கால்கள் மறுபக்கம் திரும்பின. கால்களை இழுத்து நிறுத்தி, அவள் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. யாருக்காவது கேட்டுவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.