சுண்ணாம்புக் கட்டம்

பல்லக்கு தூக்குகிறவனுக்கு வானம் தெரியாது. எதிரே நிற்கிற கூட்டம் தெரியாது, தோரணம் தெரியாது, யார் வீட்டு வாசல் என்பதுகூடச் சரியாகத் தெரியாது. தோளில் தண்டு, குனிந்த கழுத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு முழம் தரை. அவ்வளவுதான். அதனால்தான் அந்தக் கோயிலில் வருஷத்துக்கு ஒரு நாள் சாமி வீதிக்குப் புறப்படும்போது, நிற்க வேண்டிய பன்னிரண்டு வீடுகளுக்கு முன்னாலும் தெருவில் சுண்ணாம்பால் ஒரு சதுரக் கட்டம் போட்டு வைப்பார்கள். வெள்ளை கண்ணில் பட்டால் பல்லக்கு நிற்கும். படாவிட்டால் நிற்காது.

அந்தப் பன்னிரண்டில் ஒரு வீட்டுக்குக் கட்டம் இல்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வருஷம் அந்த வீட்டில் சாவு. அப்படிப்பட்ட வாசலைத் தாண்டும்போது மேளம் வாயை மூடிக்கொள்ளும். தூக்குகிறவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள். தாண்டிய பல்லக்கு எந்தக் காரணத்துக்கும் திரும்பாது. தாண்டப்பட்ட வீட்டுக்காரர்கள் அடுத்த வருஷம் சாமி வருகிறவரை உள்ளே போகாமல் கொடிமரத்துக்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட வேண்டும். மாலை கிடையாது, மரியாதை கிடையாது.

இருபத்தாறு வருஷம் அந்தக் கட்டங்களைப் போட்டவள் டிகிரியின் அம்மா.

டிகிரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கோயில் மதிலுக்குப் பின்னாலிருந்த சந்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் வந்தவள் என்பதால் சந்தே சேர்ந்து வைத்தது. பாதி பெருமை, பாதி குத்தல். மருந்துச் சீட்டைப் படிக்கவும் டிகிரி வேண்டும், குழாயில் தண்ணீர் வந்தால் குடம் தூக்கவும் டிகிரி வேண்டும். படித்து முடித்து மூன்று வருஷமாகியும் அவள் பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்ததால் குத்தலின் பங்கு கொஞ்சம் கூடியிருந்தது. அவளும் சும்மா இருப்பவளில்லை. ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். இந்த வாயோடு எவன் கட்டிக்கொண்டு போவான் என்று சந்து கவலைப்பட்டது. சந்துக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று அதையும் சொல்லிவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கோயில் மடப்பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டுக் குறைந்தது எட்டு நாள் ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். அம்மாவுக்கு அது தெரியும், தர்மகர்த்தாவுக்கும் தெரியும். ஆனால் மறுநாள் யாரோ பெரிய மனிதர் வருவதாக இருந்தது. ஊற வைக்க நேரமில்லை, இப்போதே கரைத்து இப்போதே அடி என்று அவர் பக்கத்தில் நின்று விரட்டினார். வாளியில் தண்ணீர் விழுந்ததும் கல் கொதித்துச் சீறியது. அம்மாவின் வலது கண் அன்றோடு போயிற்று. விழி முழுவதும் வேகவைத்த முட்டை மாதிரி வெளுத்துவிட்டது.

டிகிரி தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். அலுவலகம் கோயிலுக்கு விளக்கம் கேட்டு எழுதியது. தர்மகர்த்தா பதில் எழுதினார். எழுதியதைப் பிரதி எடுத்துவரக் கோயில் மேனேஜரைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பினார். ஊரில் இருப்பதே ஒரு ஜெராக்ஸ் கடை.

மூன்று காப்பி என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனில் பேசப் போய்விட்டார். டிகிரி தாளைக் கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்கு முன்னால் படித்தாள். ‘மேற்படி பெண்மணி எங்கள் ஆலயத்தில் எக்காலத்திலும் பணிபுரிந்தவர் அல்லர். வீதியில் கட்டம் இடுதல் என்றொரு பணியும் எங்கள் ஆலயத்தில் இல்லை. அன்னாரை யாரென்றே எமக்குத் தெரியாது.’ கீழே சுழித்துச் சுழித்துப் பெரிய கையெழுத்து. அவள் நான்கு காப்பி எடுத்தாள்.

வயிறு எரிந்தது என்பார்களே, அது வெறும் பேச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அன்றைக்கு நிஜமாகவே எரிந்தது. யாரென்றே தெரியாதாம். அவர் மகன் கல்யாணத்துக்கு முற்றம் மெழுகியவள் யார்? அவருடைய அப்பா செத்த வருஷம், கட்டம் போடாமல் விட வேண்டுமே என்று முந்தின நாளே போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டு வந்தவள் யார்?

அம்மா வேறு மாதிரி. கண் போனதற்குக்கூட அவள் சத்தம் போட்டு அழவில்லை. விடு, பெரிய இடம், நமக்கெதுக்கு என்றாள். அவள் வாழ்க்கை முழுவதும் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட்டே பழகியவள். டிகிரிக்கு அந்த ஒதுங்கலைப் பார்க்கப் பார்க்கத் தர்மகர்த்தா மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு அம்மா மேலும் திரும்பியது.

சாமி புறப்பாட்டுக்கு முந்தின நாள் மாலை மேனேஜர் மறுபடியும் கடைக்கு வந்தார். இந்தத் தடவை கையில் தாள் இல்லை. உங்கம்மாவுக்குத்தான் பார்வை சரியில்லையே, நீ பார்த்து வளர்ந்தவள்தானே, விடிவதற்குள் பன்னிரண்டு கட்டத்தையும் போட்டுவிடு, தர்மகர்த்தா சொல்லச் சொன்னார் என்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. இரவல் கொடுத்த குடையைத் திருப்பிக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“சரி, போடறேன்” என்றாள் டிகிரி.

மேனேஜர் நிம்மதியாகப் போனார். அந்த வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக ஒரு சரி வந்ததே என்று அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

கிழக்கு வெளுக்கும்போது அவள் தேங்காய் நார்க் கட்டையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுண்ணாம்பு எட்டு நாள் ஆறியதுதான். திருவிழாவுக்கென்று சந்திலேயே முன்கூட்டிக் கரைத்து வைத்திருந்தார்கள். முதல் வீடு தர்மகர்த்தாவுடையது. வாசலிலிருந்து தெரு வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்து, பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தார்கள். அவள் நிற்காமல் நடந்தாள்.

தர்மகர்த்தாவின் மருமகள் அந்த நேரத்தில் வாசல் தெளிக்க வெளியே வந்திருந்தாள். கம்பளத்துக்கு முன்னால் வெறும் தார் கறுப்பாகக் கிடந்ததையும், வாளியோடு தாண்டிப் போகிறவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்குப் போடலையா?”

“உங்க மாமனாரைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்.”

மருமகள் கேட்கவில்லை. அவளும் ஒரு காலத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டு, இந்த வீட்டுக்கு வந்தவளுக்கு என்ன வேலை என்று நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டவள். கையிலிருந்த தண்ணீரை நிதானமாகத் தெளித்து முடித்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டும் போட்டாயா என்று கேட்டாள். பதினொன்று என்றாள் டிகிரி. எது விட்டது என்று அம்மா கேட்கவில்லை. வாளியில் இன்னும் கால்வாசிச் சுண்ணாம்பு இருந்தது. ஓடிப்போய்ப் போட்டிருந்தால் நேரமும் இருந்தது. அம்மா அந்த வாளியைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது கோபமா பயமா என்று டிகிரிக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிவில்லை.

எட்டு மணிக்குப் பல்லக்கு புறப்பட்டது. டிகிரி எதிர்வரிசைக் கடையின் படியில் ஏறி நின்றுகொண்டாள். தர்மகர்த்தா பட்டு வேட்டியில் கம்பளத்தின் மேல் நின்றார். கையில் தட்டு, தட்டில் தேங்காய், முகத்தில் ஆண்டுக்கொரு முறை மட்டும் போட்டுக்கொள்ளும் பணிவு. மேளம் நெருங்கி வந்தது. முன்தண்டில் இருந்தவர் டிகிரியின் தாய்மாமா. அவர் காதில் அவள் ஒரு வார்த்தையும் போட்டு வைக்கவில்லை. சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பார். சொல்லாததால் அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். கறுப்புத் தாரைப் பார்த்தார், சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தைப் பார்த்தார், வெள்ளையைக் காணவில்லை. பக்கத்துத் தோள்காரனிடம் கேட்டது முன்வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

“டேய், இங்க யாருடா போய்ட்டா?”

“தெரியலண்ணே. எட்டிப் போடு.”

மேளக்காரர் திரும்பிப் பார்த்தார், குச்சியை இறக்கினார். தெருவே சட்டென்று ஊமையாகிவிட்டது. செருப்பில்லாத பதினாறு கால்கள் தாரில் வேகவேகமாக உரசுகிற சத்தம் மட்டும். பல்லக்கு கம்பளத்தைத் தாண்டியது. தர்மகர்த்தா தட்டை நீட்டியபடியே நின்றார். நீட்டிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வாய் திறந்திருந்தது. பிறகுதான் கத்தினார். நிறுத்துங்கடா என்றார், திருப்புங்கடா என்றார். திருப்ப முடியாது என்று அந்த ஊரில் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் தச்சர் வீட்டுக் கட்டம் மழையில் கரைந்து, பல்லக்கு தாண்டிப்போய், தச்சர் தெருவில் விழுந்து கெஞ்சியபோது, சாமி என்ன டவுன் பஸ்ஸா பின்னால் வர என்று கேட்டவர் அவர்தான். அந்தத் தச்சர் இப்போது அடுத்த வாசலில் நின்று, தன் வீட்டுக்கு முன்னால் கச்சிதமாக நின்ற பல்லக்கைக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் உதடு துடித்தது பக்தியாலா சிரிப்பாலா என்று சொல்வது கஷ்டம்.

டிகிரி படியிலிருந்து இறங்கவில்லை. அந்த முகத்தை அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

மதியம் கோயில் மண்டபத்தில் ஊர் கூடிவிட்டது. தர்மகர்த்தா கொடிமரத்தைத் தாண்டப் போனபோது அர்ச்சகர் கையைக் காட்டி நிறுத்தினார். வயதில் சின்னவர், ஆனால் முறை என்று வந்தால் மசியாதவர். மழையில் கரைந்த கட்டத்துக்கு வழியில்லை, போடுகிறவர் தவறுதலாக விட்டிருந்தால் அதற்கு வழி உண்டு, சாமியை நாளைக்கே உங்கள் வாசலுக்கு மட்டும் தனியாகக் கொண்டுவரலாம், ஆனால் தவறு என்று கட்டம் போடும் பொறுப்பில் இருக்கிறவர் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

தர்மகர்த்தா டிகிரியை நோக்கிக் கை நீட்டினார். இவள்தான் போட்டாள், மேனேஜரே சாட்சி, இவளைச் சொல்லச் சொல்லுங்கள் என்று பல்லைக் கடித்தார்.

“நான் ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கறவ” என்றாள் டிகிரி. “எனக்கும் கோயிலுக்கும் என்ன? அப்படி ஒரு வேலையே இங்க இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. பதினொரு வீட்டுக்குப் பழக்கத்துக்காகப் போட்டேன். உங்க வீட்டுக்கு உங்க கையெழுத்துக்கு மரியாதை குடுத்தேன்.”

நான்காவது காப்பியை அவள் அர்ச்சகரிடம் கொடுத்தாள். அர்ச்சகர் அதைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, மந்திரம் சொல்லிப் பழகிய குரலில் படித்தார். மண்டபத்தில் ஒரு தூண் பாக்கியில்லாமல் கேட்டது. படித்து முடித்துத் தாளை மடித்தார். பொறுப்பில் யாரும் இல்லையென்றால் தவறு என்று சொல்லவும் ஆளில்லை, அப்படியானால் ஒரு வருஷம்தான் என்றார்.

தர்மகர்த்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் அந்தம்மாவைக் கூப்பிடுங்கள் என்றார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். வழக்கப்படி தூணோடு ஒட்டி நின்றாள். என்ன நடக்கப்போகிறது என்று டிகிரிக்குத் தெரியும். இத்தனையும் செய்து, கடைசியில் அம்மா ஒரு வார்த்தையில் இறக்கி வைத்துவிடுவாள். விடுங்க சாமி, தெரியாம விட்டுப்போச்சு என்பாள். அவளுக்கு வேறெதுவும் சொல்லத் தெரியாது.

தர்மகர்த்தா தொண்டையைச் செருமினார். “இருபத்தாறு வருஷமா கட்டம் போடறது இந்தம்மாதான். கோயில் ஆளுதான்.”

அம்மா தலையைச் சாய்த்தாள். “சரியா விழல சாமி. மேளம் கேட்டுக் கேட்டுக் காது கொஞ்சம் மந்தம்.”

அம்மாவின் காது பாம்புக் காது. டிகிரி நிமிர்ந்து பார்த்தாள். தர்மகர்த்தா மறுபடியும் சொன்னார், இந்த முறை கடைசி வரிசைவரை கேட்கும்படி. கூட்டத்தில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

“நல்லதும்மா” என்றார் அர்ச்சகர். “அந்த வாசல் விட்டுப்போனது தவறுதலாத்தானே?”

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். வெளுத்த கண்ணையும் நல்ல கண்ணையும் தர்மகர்த்தாவின் மேல் வைத்தாள்.

“என் பொறுப்புல இருபத்தாறு வருஷமா ஒரு வாசலும் தவறினதில்ல சாமி. இன்னைக்கும் தவறல. தெரிஞ்சுதான் விட்டோம்.”

அர்ச்சகர் தலையாட்டினார். கொடிமரத்துக்கு இந்தப் பக்கத்தைக் கையால் காட்டினார். தர்மகர்த்தா பட்டு வேட்டியோடு அங்கே வந்து நின்றார். கூட்டம் அவருக்குப் பின்னால் நிற்காமல் சுற்றிக்கொண்டு முன்னால் போயிற்று.

சாயங்காலம் சந்துக் குழாயில் தண்ணீர் வந்தது. அம்மாவும் மகளும் குடங்களோடு நின்றபோது, பெரிய தெரு முனையில் ஒரு வேன் வந்து நின்றது. தர்மகர்த்தாவின் சம்பந்தி வீட்டிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டபடி இறங்கினார்கள். பல்லக்கு தாண்டிப்போன செய்தியை யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள், மீதியை அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். வாசல்வரைக்கும் மார்பில் அடித்துக்கொண்டு கதறிக்கொண்டே போனார்கள். கதவைத் திறந்தவர் தர்மகர்த்தா.

அழுகை ஒரு வினாடி நின்றது. அவர் உயிரோடிருப்பதைப் பார்த்து, அப்படியானால் வேறு யாரோ என்று தெளிந்து, முன்னைவிட உரக்க ஆரம்பித்தது.

அம்மா நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள். “யாருக்கு இப்படி அழுவுறாங்க?”

“இன்னும் முடிவாகலம்மா” என்றாள் டிகிரி.