கழுவிய இடம்

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தான். வயிற்றின் இடது பக்கத்தில் நேற்று நர்ஸ் கறுப்பு மையால் போட்ட வட்டத்தைக் காணோம். அந்த இடம் மட்டும் சிவந்து கிடந்தது. நாளைக் காலை ஆபரேஷன். ஆசனவாயை எடுத்து மூடிவிட்டு, அந்த வட்டத்தில்தான் மலம் வர வழி வைத்துப் பை மாட்டப்போகிறார்கள்.

"குறிய அழிச்சிட்டா சீக்கு போயிடுமா? யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?" என்றாள் மனைவி.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "பின்னால நாப்பது பேரு உக்காந்திருக்க, நான் வயித்துல பையோட பஸ் ஓட்டணுமா? செத்தாலும் முழுசா சாவுறேன். நீ வெளிய போ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுவுவதில் மன்னன்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அலசாத மனுஷன், பதினோரு மாதமாகத் தன் உள்ளாடைகளைத் தானே துவைத்தான். அவளும் தலைகால் புரியாமல், தன்னிடம் துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள். ரத்தத்தை அல்லவா கழுவியிருக்கிறான்! மூலம் என்று தானே முடிவுகட்டி, களிம்பு வாங்கி ஒளித்து ஒளித்துத் தடவியிருக்கிறான். சதையைக் கிள்ளிப் பரிசோதித்த பிறகுதான் டாக்டர் சொன்னார். மூலமே இல்லையாம். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்லில் வருகிற புற்றுநோய், அந்த இடத்தில் வருவது ரொம்ப அபூர்வமாம். வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றார். வேறு எதிலும் அபூர்வமாக இருந்து தொலைக்காத ஆள். அவனையும் மன்னிக்க முடியவில்லை, பீற்றிய தன் வாயையும் மன்னிக்க முடியவில்லை.

நர்ஸ் பேனாவோடு வந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு இஷ்டமில்லன்னா யாரும் பண்ண மாட்டாங்க சார். டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடவா?"

அவன் சட்டையை இழுத்துவிட்டு வயிற்றை மூடிக்கொண்டான்.

"பேனாவக் குடுங்க சிஸ்டர்," என்றாள் அவள். "நேத்து இவரு பெல்ட் கட்டுற இடத்தையே தப்பாக் காட்டியிருக்காரு. தொப்பைக்குக் கீழதான் கட்டுவாரு. இவரு பேன்ட் எல்லாம் தைக்கிறவ நான். டிரைவர் சீட்டுல உக்காந்தா நீங்க வட்டம் போட்ட எடத்துல மடிப்பு விழும், பை நிக்காது. ரெண்டு விரக்கடை மேல வைக்கணும்."

நர்ஸ் யோசித்துவிட்டுப் பேனாவை நீட்டினாள். "புள்ளி வச்சுக் காட்டுங்க, நான் சரிபாக்குறேன்."

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். சட்டை நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"முழுசா யாருக்கு வேணும்?" என்றாள் மனைவி. "மிச்சமாவது வீட்டுக்கு வா. சட்டையத் தூக்கு."

இருபது வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. அவன் நிமிர்ந்து பார்த்தான். சட்டையைத் தூக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. மூடி திறந்த பேனாவோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். முனையில் மை காய்ந்துகொண்டிருந்தது.