பச்சைமலைக்கு ஒரு துணி வூடு

சனிக்கிழமை பச்சைமலையில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவானதிலிருந்து வேணிக்குக் கால் தரையில் பாவவில்லை. வனத்துறை ஆபீஸில் அனுமதி வாங்கியாயிற்று. டார்ச், கொசுவர்த்தி, சுக்குக்காப்பிப் பொடி எல்லாம் பையில் ஏறிவிட்டன. போகிறவர்கள் அவளும் கணவன் பூவரசனும்தான். ஆனாலும் மூன்று பேர் படுக்கிற கூடாரமாகவே வாங்கி, இன்று பூலாம்பாடி வீட்டு மாடியில் விரித்தும் பார்த்துவிட்டாள்.

"நல்ல வூடு இருக்கறப்ப துணி வூட்டுல போயிப் படுக்கறாளாம்" என்று காலையிலிருந்தே முணுமுணுத்தாள் மாமியார் கொளஞ்சியம்மாள். "ஒரு மழைக்குத் தாங்குமா இது?"

வேணிக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான். வெளியே சொல்வாளா என்ன!

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மாடி முழுக்கச் சின்ன வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. "ஐயோ, வெங்காயம்!" என்று மாமியார் அலற, இருவருமாகக் கூடை கூடையாக அள்ளிக் கூடாரத்துக்குள் கொட்டி ஜிப்பை இழுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

அரை மணி நேரத்தில் விட்டதும் வேணி படபடப்போடு திறந்தாள். வெங்காய நெடி மூக்கில் ஏறியது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

"தாங்கிருச்சு அத்தை!" என்று குதித்தாள்.

கொளஞ்சியம்மாள் குனிந்து உள்ளே போனாள், வெங்காயத்தை ஒதுக்கினாள், காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள்.

"நான் இந்த ஓரமாப் படுத்துக்கறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நடுவுல நீ படு, அவன் கொறட்ட எனக்கு ஆவாது. சனிக்கெழமை எத்தனை மணிக்குக் கெளம்பணும்?"