செதுக்கிய இடுகாடு

கார்த்திகேசுவின் முன்பல் இரண்டை உடைத்தவன் நான்தான். போலீசிடமும் மறைக்கவில்லை, இங்கேயும் மறைக்கப்போவதில்லை. இன்னும் இரண்டு சேர்த்து உடைத்திருக்கலாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

தொண்ணூற்றொன்றாம் வருடம். டெங்கில் பக்கம் இருந்த எங்கள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை வாங்கிய கம்பெனி, கோல்ஃப் திடலும் பங்களாக்களும் கட்டுவதற்கு மாவட்ட மன்றத்தில் விண்ணப்பம் போட்டிருந்தது. அவர்கள் கொடுத்த வரைபடத்தில் எங்கள் மூன்று ஏக்கர் இடுகாடு வெறும் புதர்க்காடு. நாங்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். திட்டக் குழு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்க்கும் என்று கடிதம் வந்தது. இடுகாட்டைக் கண்ணால் பார்த்தால் அந்த மூன்று ஏக்கரை ஒதுக்கிவிடுவார்கள். இல்லையென்றால் புல்டோசர்தான். என் மனைவி புஷ்பவல்லி நான்கு வருடமாக அங்கேதான் படுத்திருந்தாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெரிய துரை வருகிறார் என்றால் போதும், லயத்து வீடுகளைக் கூட்டிப் பெருக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசல் கொடியில் ஒரு துணிகூட இல்லாமல் செய்துவிடுவார்கள். மூன்று தலைமுறைப் பழக்கம். கோயில் தலைவர் கார்த்திகேசு முன்பு மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். அவருக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்தது.

நான் இரண்டு நாள் கிள்ளானில் எண்ணெய் லோரி ஓட்டிவிட்டு, செவ்வாய் காலை ஒன்பதரைக்குத்தான் வந்து சேர்ந்தேன். இடுகாட்டைக் காணோம். பந்து விளையாடும் திடல் ஒன்று இருந்தது. நாற்பது பேர் இரண்டு நாளாக மண்வெட்டி பிடித்துப் புல்லைச் செதுக்கி, அந்த வேகத்தில் மண்மேடுகளையும் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். எங்களிடம் சிமெண்டுக் கல்லறை ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் பெயர் எழுதிய மரக்கட்டைகளும் மண்சட்டிகளும்தான். கட்டைகள் காய்ந்த மாலைகளோடு சேர்ந்து ஓரத்தில் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் கூடாரம், நாற்காலிகள், ஐஸ் போட்ட ஒரேஞ்சு தண்ணீர்.

கார்த்திகேசு கையில் மாலையோடு நின்றார்.

"எப்படி பக்கிரி? வர்ற ஆபீசருங்க கால்ல ஒரு முள்ளு குத்தாது லா," என்றார்.

அறைந்தேன். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி வாயில் குத்தினேன். மாலையெல்லாம் ரத்தம். அவருடைய மகன்கள் இரண்டு பேரும் நாற்காலியை எடுத்து என் முதுகில் அடித்தார்கள். விலா எலும்பு ஒன்றில் விரிசல் விட்டது. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் மன்றத்தின் வேன் வந்து நின்றது.

அதிகாரிகள் நான்கு பேர். கூடவே கம்பெனியின் ஆள் வாசு, பிரிக்பீல்ட்ஸ்காரன், நம்மவன்தான். அவன் திடலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கல்லறைகள் எங்கே என்று குழுத் தலைவர் மலாய் மொழியில் கேட்டார். உங்கள் காலுக்கு அடியில் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நல்ல மனிதர், முகம் வாடிவிட்டது. பார்த்ததைத்தான் எழுத முடியும், பார்க்காததை எழுத முடியாது என்று சொல்லிவிட்டு வேன் பக்கம் திரும்பினார்.

நான் மண்வெட்டியை எடுத்தேன்.

மற்றவர்களுக்கு இடம் குழம்பிப் போயிருந்தது. எனக்குக் குழம்பவில்லை. எல்லைக் கல்லிலிருந்து பதினோரு தப்படி, வெள்ளிக்கிழமை தவறாமல் நடந்த தூரம். வெட்டத் தொடங்கினேன். மாமியார் வீரம்மா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"எம் புள்ளய விட்டுருங்க மாப்ள."

உதைத்துத் தள்ளினேன். புஷ்பவல்லியைப் பெற்றவளை உதைத்தேன், அதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. வாசு மண்வெட்டியைப் பிடுங்க வந்தான். காம்பால் அவன் முழங்கையில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதன் பிறகு யாரும் கிட்டே வரவில்லை. அதிகாரிகளும் வேனில் ஏறாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இடுப்பளவு தோண்டியதும் பெட்டி தட்டுப்பட்டது, உளுத்துப் போயிருந்தது. இரண்டு வெட்டில் பலகை உடைந்தது. முதலில் பச்சைக் கண்ணாடி வளையல் வந்தது. குழிக்குள் இறங்கி, தலையை இரண்டு கையாலும் எடுத்தேன். கொஞ்சம் முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் குழுத் தலைவரின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"துவான், இது என் பொண்டாட்டி. இப்ப பாத்துட்டீங்கல்ல? எழுதுங்க."

தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் வந்து எனக்கு விலங்கு போட்டது. எலும்புகளை வழக்குக்கு வேண்டும் என்று பிளாஸ்டிக் பையில் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். வாசுவின் கைக்கும் கார்த்திகேசுவின் பல்லுக்குமாக எனக்கு ஒன்பது மாதம், காஜாங் சிறையில். உள்ளே இருக்கும்போதே செய்தி வந்தது. மூன்று ஏக்கரை ஒதுக்கி வேலி போட்டால்தான் திட்டத்துக்கு அனுமதி என்று மன்றம் எழுதிவிட்டதாம். அன்றைக்கு நான் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்ததும் புஷ்பவல்லியைக் கேட்டுப் போனேன். போலீஸ் ஆஸ்பத்திரியைக் காட்டியது. ஆஸ்பத்திரி போலீசைக் காட்டியது. அந்தப் பை எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இடுகாட்டுக்குப் படைக்கப் போனோம். கார்த்திகேசு தன் தாயைப் புதைத்த இடம் தெரியாமல் நான்கு இடத்தில் சூடம் கொளுத்தினார். மற்றவர்களும் குத்துமதிப்பாக ஓரிடத்தில் இலை போட்டு அழுதார்கள். அவரவர் ஆள் அந்த மூன்று ஏக்கருக்குள் எங்கேயோ இருந்தது. எனக்கு மட்டும் இடம் சரியாகத் தெரியும். அங்கே ஆள்தான் இல்லை.