அழிந்துபோன மைக்கோடு

கட்டியை அறுக்க வந்திருந்த சான்சாவின் தொடையில் ஊசித் தழும்பைப் பார்த்ததும் அறுவை மருத்துவர் நாமுகோலோவின் முகம் வெளிறிவிட்டது. ஸ்கேன் டாக்டர் கபெம்ப்வாவைத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"போன வாரம் ஊசியை எங்கய்யா குத்தின?"

"உள்பக்கமா, மேடம். கட்டி அங்கதான் கிட்டக்கத் தெரிஞ்சுது."

"அடப்பாவி! முன்பக்கம் நான் போட்ட மைக்கோடு? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"கோடே இல்லையே மேடம்!"

சோதனைக்குச் சதை எடுக்கும் ஊசி போய்வரும் வழியெல்லாம் புற்றணு சிந்தக்கூடும். அதனால் பின்னால் வெட்டப்போகிறவர்தான் முதலில் கோடு போடுவார். அதன்மேல் குத்தினால், கட்டியோடு ஊசி போன வழியையும் சேர்த்து அறுத்து எறிந்துவிடலாம். இந்த என்டோலா ஊரில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும்.

நாமுகோலோ உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தாள். "சந்தையில கப்பெண்டாப் பொடிமீன் கருவாடு விக்கிறவளாம். நாத்தத்தோட டாக்டர் முன்னாடி படுக்கக்கூடாதுன்னு கல்லு வெச்சுத் தேய் தேய்னு தேச்சுக் குளிச்சிருக்கா. சரி, கோடு இல்லேன்னா எனக்கு ஒரு போன் போட உனக்குக் கை இல்லையா?"

 ஊசி குத்திய அன்றைக்குக் கபெம்ப்வாவின் அறைக்கு வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். எட்டிய இடத்தில் குத்திவிட்டான், அவ்வளவுதான்.

"பெரிய ரத்தக்குழாயை ஒட்டிப் போயிருக்கு உன் ஊசி. அதையும் நரம்பையும் எடுத்துட்டா கால்னு எது மிஞ்சும்? காப்பாத்தியிருக்க வேண்டிய கால்யா அது! இப்போ இடுப்போட எடுக்கணும்."

 கொசு கடித்த அளவு ஒரு துளை. அதற்கு ஒரு முழுக் காலா? ஐயோ, இது என்ன அநியாயம்!

"நான் குத்தினேன். நானே சொல்றேன்," என்று உள்ளே போனான்.

சான்சா எழுந்து உட்கார்ந்தாள். "டாக்டர், நான் குளிச்சதாலயா ஏதோ ஆயிடுச்சு? பெரிய டாக்டரம்மா கேட்டப்பவே எனக்குப் பகீர்னுச்சு."

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், பழி அவள் தலையில் இறங்கிவிடும். அந்த நினைப்பு வந்ததே அவனைக் கூசவைத்தது.

"இல்லம்மா. உன் தப்பு ஒண்ணுமில்ல. கோட்டைக் காணோம்னதும் நான் கேட்டிருக்கணும். கேக்காம தப்பான இடத்துல குத்திட்டேன். அதனால... காலை எடுக்கணும்."

அவள் அழவில்லை.  அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள்.

"அப்போ வெட்டறப்ப நீங்களும் உள்ள நிக்கணும்," என்றாள். "கண்ணை மூடக்கூடாது."